குட்டித் தீவு தனியே போகலாமா? நான்கு வழிகளும் அவற்றின் செலவும்

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் நடக்கப்போகும் மாதிரி ஐ.நா. சபைக்குக் கொடுத்திருக்கும் கேள்வி இது. ஒரு குட்டித் தீவு. 6,000 பேர், 90 சதுர கிலோமீட்டர். பாதி நாள் படகில் போனால் பெரிய தீவு. தலைநகர், கஜானா, போலீஸ் எல்லாம் அங்கேதான். இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டுப் போன பழைய ஆட்சியாளர் நாடு, பல கடல் தாண்டி இருக்கிறது. குட்டித் தீவு, "இந்த முடிச்சு எங்களுக்கு வேண்டாம்" என்கிறது. தீவின் பிரதிநிதியாக நீங்கள் எந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருவீர்கள்?

சேலம் அஸ்தம்பட்டியில் மாலை வேளைகளில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவன் நான். பத்து நாளாக என் போனில் இதே பேச்சுதான். "சார், முழு விடுதலை கேட்கலாமா, தன்னாட்சியோட நிறுத்திக்கலாமா?" என்னிடம் படிக்காத பிள்ளைகளும் கேட்கிறார்கள், சில அப்பா அம்மாக்களும் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகளோடு தட்டுவடை செட் சாப்பிடப் போனேன். ஒரு பையன் ஒரு வெறும் தட்டுவடையை மட்டும் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தி, "இது இனிமே தனி நாடு சார்" என்றான். எதிரே இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரி, வெச்சுக்கோ. சட்னிக்கு எங்க போவே?" என்றாள். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தட்டுவடையைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டான். பெரிய பெரிய புத்தகங்கள் சுற்றி வளைத்துச் சொல்லும் விஷயம் அந்தச் சட்னிக்குள் இருக்கிறது.

தனியே போகும் பேச்சு சேலத்துக்குப் புதிதும் அல்ல. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது இந்த ஊர் மாநாட்டில்தான். அந்த இயக்கம் எழுப்பிய திராவிட நாடு கோரிக்கையை, 1963இல் பிரிவினைப் பேச்சைத் தடுக்கும் 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த சமயத்தில் தி.மு.க. கைவிட்டது. அதைவிடச் சின்ன அளவில், மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு பாகப்பிரிவினை பார்த்துவிட்டோம்: 1965இல் தர்மபுரி, 1997இல் நாமக்கல். மாவட்டம் பிரிவதும் நாடு பிரிவதும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் "ஒவ்வொண்ணுக்கும் அவ்வளவு தூரம் போகணுமா?" என்ற சலிப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

## எதை வைத்து நிறுப்பது

கோபம் யார் மேல்? என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் கேட்காமல் தாண்டிப்போவதும் இதைத்தான். தூரத்தில் இருக்கும் பேரரசின் மேலா, பக்கத்தில் உட்கார்ந்து கஜானா சாவியை வைத்திருக்கும் பெரிய தீவின் மேலா? பதில் மாறினால் வழியே மாறிவிடும்.

தீவு சட்டப்படி என்ன? காலனியா, ஏற்கெனவே விடுதலை பெற்ற ஒரு நாட்டின் பகுதியா? 1960 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 1514ஆம் தீர்மானம் காலனிகளுக்கு விடுதலை உரிமை உண்டு என்றது. அதே தீர்மானத்தின் 6ஆவது பத்தி, ஒரு நாட்டின் ஒருமைப்பாட்டைக் குலைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மறுநாள் வந்த 1541ஆம் தீர்மானம் காலனிகளுக்கு மூன்று வாசல் காட்டியது: விடுதலை, வேறொரு நாட்டோடு சுதந்திர இணைவு, அல்லது அதோடு முழுதாக ஒன்றிவிடுதல். காலனி அல்லாத தீவுக்கு இந்த வாசல்கள் தாமாகத் திறப்பதில்லை. எதிரணி உங்களை மடக்கப்போவது இந்த இடத்தில்தான்.

சட்னி. கப்பல், ஆஸ்பத்திரி, வாத்தியார் சம்பளம், புயலுக்குப் பிறகு கூரை. யார் பணம்?

பாஸ்போர்ட். உங்கள் பிள்ளை எந்த ஊரில் போய் வேலை பார்க்க முடியும்?

திரும்ப வழி. எடுத்த முடிவு தப்பென்றால் மாற்ற முடியுமா?

## வழி 1: முழு விடுதலை

கொடி, தேசிய கீதம், ஐ.நா.வில் நாற்காலி. கேட்கவே நன்றாக இருக்கிறது. அதனால்தான் பத்தில் எட்டுப் பிள்ளைகள் இதை எடுக்கிறார்கள்.

பசிபிக் தீவான நவ்ரூ 21 சதுர கிலோமீட்டர்தான். ஆஸ்திரேலியாவின் நிர்வாகத்தில் இருந்தது. 1968 ஜனவரி 31இல் விடுதலை. அதற்கு முன்பு ஆஸ்திரேலியா, தீவையே காலி செய்துவிட்டு குயின்ஸ்லாந்து அருகே கர்ட்டிஸ் தீவில் போய்க் குடியேறுங்கள் என்றது. நவ்ரூக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். கையில் பாஸ்பேட் இருந்தது. சொந்த விமானக் கம்பெனி வந்தது, மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் வந்தது. சுண்ணாம்புக்கரட்டில் மேக்னசைட் வெட்டிய வெள்ளைக் குழிகளைப் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரருக்கு மிச்சக் கதையை விளக்க வேண்டியதில்லை. தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம் வெட்டிக் குதறப்பட்டது. கல் தீர்ந்தது, முதலீடுகள் கரைந்தன, 2004இல் அந்த மாடிக் கட்டடமும் கைமாறியது. 2001 முதல் ஆஸ்திரேலியா அனுப்பும் அகதிகளைத் தடுத்து வைக்கும் இடமாகித்தான் பிழைப்பு ஓடியது.

ஆனால் ஒரு வரவும் உண்டு. விடுதலைக்கு முன் நடந்த சுரங்க நாசத்துக்காக நவ்ரூ 1989இல் ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது, 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. தனி நாடாக இல்லாவிட்டால் அந்தப் படியேறவே முடியாது. முழு விடுதலையின் நிஜமான லாபம் கொடியில் இல்லை, வழக்குப் போடும் தகுதியில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

துவாலு இன்னும் பொருத்தமான உதாரணம். அது எல்லிஸ் தீவுகளாக, பெரிய கில்பர்ட் தீவுகளோடு ஒரே காலனியாகக் கட்டப்பட்டிருந்தது. 1974 வாக்கெடுப்பில் பிரிவதற்கு ஆதரவாக 3,799, எதிராக 293. பிரிட்டன் போட்ட நிபந்தனையைக் கவனியுங்கள்: பிரியலாம், ஆனால் ஓஷன் தீவுப் பாஸ்பேட் வருமானத்தில் பங்கு கிடையாது, ஒரே ஒரு கப்பல் மட்டும் கிடைக்கும். பாகப்பிரிவினையில் ஒரு அண்டாவைக் கொடுத்து வெளியே அனுப்பின கதைதான். தெரிந்தே வாக்களித்தார்கள். 1978இல் விடுதலை. ஐ.நா.வில் சேர 2000 வரை ஆனது. டாட் டிவி இணைய முகவரியை வாடகைக்கு விட்ட பணம் அதற்குக் கைகொடுத்தது. இப்போது கடல் ஏறி வருகிறது. 2023இல் ஆஸ்திரேலியாவோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். பதிலுக்கு, மற்ற நாடுகளோடு துவாலு செய்யும் பாதுகாப்பு ஒப்பந்தங்களுக்கு ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். விடுதலைக்குப் பிறகும் விலை பேசுவது நிற்கவில்லை.

இது யாருக்குப் பொருந்தும்: சட்டப்படி காலனியாக இருந்து, கையில் விற்க ஏதாவது உள்ள தீவுக்கு. உங்கள் கேள்வித்தாளில் அந்த "ஏதாவது" இல்லை. நான் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

## வழி 2: சுதந்திர இணைவு

உள்நாட்டு விஷயம் எல்லாம் தீவின் கையில். குடியுரிமையும் பெரும்பகுதிப் பாதுகாப்பும் பெரிய நாட்டின் கையில். குக் தீவுகள் 1965இலும் நியுவே 1974இலும் நியூசிலாந்தோடு இப்படிச் சேர்ந்தன. அவர்கள் எல்லாரும் நியூசிலாந்துக் குடிமக்கள். பாஸ்போர்ட் அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

அதுவே இதன் மறைமுகச் செலவும். நியுவேயில் இருப்பவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. நியூசிலாந்தில் தங்களை நியுவேயர் என்று சொல்பவர்கள் 30,000க்கு மேல். கதவு திறந்திருந்தால் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இன்னொரு செலவு, உரிமையின் எல்லை எங்கே என்பது மோதும்போதுதான் தெரியும். குக் தீவுகள் தனிப் பாஸ்போர்ட் கேட்டபோது நியூசிலாந்து, அப்படியானால் முழுசாகப் பிரிந்து போங்கள் என்ற தொனியில் பதில் சொன்னது. 2025 பிப்ரவரியில் குக் தீவுகள் சீனாவோடு ஒப்பந்தம் போட்டதைத் தொடர்ந்து 1.82 கோடி நியூசிலாந்து டாலர் உதவியை நிறுத்தி வைத்தது. சட்னிக் கிண்ணம் இழுக்கப்பட்டது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்கள்.

டோகெலாவ் கதையையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பவளத் திட்டுகள், சுமார் 1,500 பேர், விமான நிலையம் கிடையாது. ஐ.நா.வும் நியூசிலாந்துமே "இணைவு நிலைக்கு வாருங்கள்" என்று ஊக்கப்படுத்தி இரண்டு வாக்கெடுப்பு நடத்தின. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2006இல் 60 சதவீதம். 2007இல் 64.4 சதவீதம், 16 வாக்குகள் குறைந்து போயிற்று. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் தன்னுரிமைதான் என்று வாதிட இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இணைவுக்கு எதிர்க்கை வேண்டும். பெரிய நாடு விரும்பினால்தான் இந்த வழியே இருக்கும்.

## வழி 3: உள்ளேயே தன்னாட்சி, கையில் வாசல் சாவி

செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் 1983 செப்டம்பரில் விடுதலை பெற்ற கரீபிய நாடு. நெவிஸ் அதில் சின்னத் தீவு, 93 சதுர கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே வெறும் 3 கிலோமீட்டர் கடல். ஆனால் 1970 ஆகஸ்ட் 1இல் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய கிறிஸ்டினா என்ற படகு அந்தப் பக்கம் போகும் வழியில் மூழ்கி 233 பேர் செத்துப்போனார்கள். அந்தக் காயம் தெரியாமல் நெவிஸைப் பற்றிப் பேசாதீர்கள்.

விடுதலைக்குச் சம்மதிக்கும்போது நெவிஸ் சாமர்த்தியமாக ஒன்று கேட்டு வாங்கியது. அரசியல் சட்டத்தின் 113ஆவது பிரிவு: தீவுச் சட்டசபையில் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு மக்கள் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நெவிஸ் பிரிந்து போகலாம். ஒரு நாடு தன் சட்டத்திலேயே பிரிந்துபோக வழி எழுதி வைப்பது அபூர்வம்.

1998 ஆகஸ்ட் 10இல் சாவியைப் போட்டுத் திருப்பினார்கள். ஆதரவு 2,427, எதிர்ப்பு 1,498. அதாவது 61.83 சதவீதம். இன்னும் 190 பேர் மறுபக்கம் போட்டிருந்தால் ஒரு புது நாடு பிறந்திருக்கும். வேறு எந்தத் தேர்தலிலும் இது அமோக வெற்றி; இங்கே தோல்வி. அப்புறம் துப்பாக்கி இல்லை, படை இல்லை. மறுநாளும் அதே நாட்டில்தான் விடிந்தது. எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது. தோற்றபிறகும் வாழ முடிகிற வழி இது ஒன்றுதான்.

மறைமுகச் செலவு: சாவி இருக்கும்வரை "போகலாமா வேண்டாமா" என்ற பேச்சும் ஓயாது. தலைநகர் ஒவ்வொரு ரூபாயையும் தயங்கித்தான் கொடுக்கும், எப்படியும் போகப்போகிறவன்தானே என்று. மூன்றில் இரண்டு என்ற அளவும் இரு பக்கமும் வெட்டும் கத்தி. 1946இல் டென்மார்க்கின் ஃபாரோ தீவுகளில் மயிரிழைப் பெரும்பான்மை விடுதலை கேட்டது. மன்னர் சட்டசபையையே கலைத்தார். கடைசியில் 1948இல் தன்னாட்சியோடு அது நின்றது. அளவை முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

## வழி 4: பக்கத்து வீட்டை விட்டு தூரத்து வீட்டுக்கு

உங்கள் கேள்வித்தாளைத் தயாரித்தவர் மனதில் இருந்தது அங்குவிலா என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எண்கள்கூட ஒத்துப்போகின்றன.

கரீபியக் கடலில் சுமார் 6,000 பேர் வாழ்ந்த தீவு. 1825 முதலே அதைச் செயின்ட் கிட்ஸோடு கட்டிவைத்திருந்தது பிரிட்டன். சரியான சாலையோ மின்விநியோகமோ இல்லை. பணம் எல்லாம் செயின்ட் கிட்ஸில் தங்கிவிடுகிறது என்ற குறை. 1967 பிப்ரவரியில் செயின்ட் கிட்ஸ், நெவிஸ், அங்குவிலா மூன்றையும் ஒரே தன்னாட்சிப் பகுதியாக்கியது லண்டன். மே 30இல் அங்குவிலாக்காரர்கள் செயின்ட் கிட்ஸ் போலீஸ்காரர்களைத் தீவை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஜூலை 11இல் வாக்கெடுப்பு: பிரிய 1,813, எதிராக 5.

லண்டன் ஒரு வருடத்துக்கு ஒரு அதிகாரியை அனுப்பிப் பார்த்தது. தீரவில்லை. 1969 பிப்ரவரியில் குடியரசாகலாமா என்று இன்னொரு வாக்கெடுப்பு: 1,739க்கு 4. மார்ச்சில் பேச வந்த பிரிட்டிஷ் இணையமைச்சரையும் திருப்பி அனுப்பினார்கள். தீவில் மாஃபியா புகுந்துவிட்டது என்ற வதந்தி லண்டனில் சுற்றியது. மார்ச் 19 விடியலில் 300க்கும் மேற்பட்ட பாராசூட் படையினர் வந்து இறங்கினார்கள், கூடவே லண்டன் போலீஸும். ஒரு உயிர்கூடப் போகவில்லை. உலகப் பத்திரிகைகள் கேலி செய்தன.

கேலி செய்தவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அங்குவிலாவுக்கு வேண்டியது லண்டனிடமிருந்து விடுதலை இல்லை, செயின்ட் கிட்ஸிடமிருந்து விடுதலை. படையெடுத்து வந்த பிரிட்டன், தெரிந்தோ தெரியாமலோ, அதைத்தான் கொண்டுவந்தது. ராணுவப் பொறியாளர்கள் சாலை போட்டார்கள். 1971இல் தனி நிர்வாகம், 1980 டிசம்பர் 19இல் சட்டப்படி முழுப் பிரிவு. இன்றைக்கும் அது பிரிட்டிஷ் பகுதிதான். "தோற்றுப்போன புரட்சி" என்று எழுதுகிறவர்கள் கோபம் யார் மேல் என்று கேட்க மறந்தவர்கள்.

சட்னிக்கு எதிர்பாராத வழியும் வந்தது. அங்குவிலாவுக்குக் கிடைத்த இணைய முகவரி எழுத்து டாட் ஏஐ. செயற்கை நுண்ணறிவு அலையில் 2023இல் மட்டும் சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலர், அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். இதைத் தீர்மானத்தில் எழுதாதீர்கள். குலுக்கல் சீட்டு விழுந்ததைத் திட்டம் என்று சொல்லக் கூடாது.

செலவு என்ன? கவர்னரை லண்டன் நியமிக்கும். நினைத்தால் உள்ளூர் ஆட்சியை நிறுத்தியும் வைக்கும். இன்னொரு பிரிட்டிஷ் பகுதியான டர்க்ஸ் அண்ட் கைகோஸில் 2009இல் அப்படித்தான் நடந்தது. அதைவிடப் பெரிய ஆபத்து, தூரத்து வீடு கதவைத் திறக்காமல் போவது. பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்ற இந்தியப் பெருங்கடல் நாடு கொமொரோஸ். அதன் அஞ்சுவான் தீவு 1997இல் பிரிந்து, எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள் என்று பிரான்ஸிடம் கேட்டது. பிரான்ஸ் மறுத்துவிட்டது. மறுபடி கொமொரோஸுக்குள் வந்த தீவில் மீண்டும் தகராறு. 2008 மார்ச்சில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் துணையோடு கொமொரோஸ் படை வந்து இறங்கியது.

## சும்மா அறிவித்துவிட்டால்?

ஒரு பையன் சீலாந்தைக் கொண்டுவந்தான். இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் கடலில் நிற்கும் பழைய போர்க்கால மேடை. 1967இல் ஒரு குடும்பம் பிடித்துக்கொண்டு நாடு என்றது. ஒரு நாடும் அங்கீகரிக்கவில்லை. அப்படிப் பார்த்தால் மூக்கனேரியில் தூர்வாரிய மண்ணைக் குவித்த திட்டுகளில் கொக்குகளும் தனி நாடு அறிவிக்கலாம். அடுத்ததற்குப் போவோம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | முழு விடுதலை | சுதந்திர இணைவு | உள்ளே தன்னாட்சி | தூரத்து வீடு |
|---|---|---|---|---|
| கோபம் யார் மேல் என்றால் பொருந்தும் | தூரத்து ஆட்சி மேல் | யார் மேலும் பெரிதாக இல்லை | பக்கத்துத் தலைநகர் மேல், ஆனால் தாங்கலாம் | பக்கத்துத் தலைநகர் மேல், தாங்க முடியாது |
| செலவு யாருடையது | தீவு | பெரும்பகுதி பெரிய நாடு | பேரம் பேசி | தீவும் தூரத்து நாடும் |
| பாஸ்போர்ட் | சொந்தம், பலம் குறைவு | மிக நல்லது | நாட்டினுடையது | நல்லது |
| திரும்ப வழி | ஏறக்குறைய இல்லை | உண்டு | உண்டு | கடினம் |
| யார் சம்மதம் வேண்டும் | உலகம் | பெரிய நாடு | தலைநகர் | தூரத்து நாடு |

## கேள்வித்தாளுக்கு என் பதில்

உங்கள் தீவின் கோபம் பக்கத்துத் தலைநகர் மேல். அதனால் முதல் வழியை வைத்துவிடுங்கள். கைதட்டல் கிடைக்கும், குறுக்குக் கேள்வியில் கப்பல் மூழ்கும். இரண்டாவதை யாரோடு செய்வீர்கள் என்று கேட்டால், தலைநகரோடு இணைவு என்று சொல்ல முடியாது, அதனிடமிருந்துதானே ஓடுகிறீர்கள். மிஞ்சுவது மூன்றும் நான்கும்.

கேள்வித்தாளில் ஒரு வரி இருக்கிறது, பலர் பார்க்கவில்லை: பழைய ஆட்சியாளர் நாடு "கவலையோடு கவனித்து வருகிறது". சேர்த்துக்கொள்வேன் என்று எங்கும் சொல்லவில்லை. அஞ்சுவானை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் நான் மூன்றாவதை எடுப்பேன்: தனிச் சட்டசபை, வருவாயில் எழுதி வைத்த பங்கு, ஒரு கப்பல் இப்போதே தீவின் பெயரில், பத்து ஆண்டுக்குப் பிறகு பிரிவுக்கான வாக்கெடுப்பு. எத்தனை சதவீதம் வேண்டும் என்பதை இன்றே எழுதிவிடுங்கள். எதிரணி ராணுவத்தைக் கொண்டுவந்து பயமுறுத்தினால் மட்டும் நான்காவது வழியை மாற்றுத் தீர்மானமாக நீட்டுங்கள். ஏற்காட்டுக்கு மேலே ஏறுவதற்குள், இருபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி வராதவர் யாரோ அவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து வையுங்கள்.

இதெல்லாம் பலகையில் எழுதி முடித்தபோது, சட்னி கேட்ட அதே பெண் கை தூக்கினாள். 1,813க்கு 5 என்று நான் எழுதியிருந்ததைக் காட்டி, "அந்த அஞ்சு பேர் யாரு சார்? அவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. தன் வரைவுத் தாளைத் திருப்பி, கப்பலுக்கு மேலே ஒரு வரியைச் செருகினாள்: எதிர்த்து வாக்களித்தவர்களின் வீடு, நிலம், வேலை மீது யாரும் கை வைக்கக் கூடாது. அதற்கு 1 என்று எண் போட்டுவிட்டு, கப்பலை 2 ஆக்கினாள்.